கடைசி வரிசைக்கும் கேட்ட குரல்
(மேடையில் பிறந்த படங்கள் – 17)

சென்ற வாரம் விட்ட இடம்: 1946-இல் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்த வி.சி.கணேசனைப் பெரியார் 'சிவாஜி' என்று அழைத்தார். அந்தப் பெயர் நிலைத்தது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தது. அதுவும் மேடையில் ஓடிய நாடகம்தான். அதன் பிறகு படங்கள் குவிந்தன.

ஆனாலும் அவர் மேடையை விடவில்லை. சிவாஜி நாடக மன்றம் தொடங்கி, படப்பிடிப்புகளுக்கு நடுவே அரிதாரம் பூசி ஊர் ஊராகப் போனார். அடுத்து எந்த நாடகம் என்ற கேள்வியோடு சென்ற வாரத்தை முடித்திருந்தோம்.

பதில் அவருக்குள் சிறு வயதிலிருந்தே இருந்தது.

* * *

திருச்சி, சங்கிலியாண்டபுரம். அங்கே ஒரு நாள் கம்பளத்தார் கூத்து வந்து இறங்குகிறது. கதை, கட்டபொம்மன் கதை.

ராஜகம்பள நாயக்கர்கள் தங்கள் குலத்தில் பிறந்த பாளையக்காரரை இப்படித்தான் உயிரோடு வைத்திருந்தார்கள். புத்தகத்தில் இல்லை, விடிய விடிய நடக்கும் கூத்தில், கதைப்பாட்டில். கோட்டையைக் கும்பினிப் படை இடித்துத் தள்ளி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், தெற்கத்திச் சீமையில் பாஞ்சாலங்குறிச்சி என்றாலே நிமிர்ந்து உட்காரும் கிழவர்கள் இருந்தார்கள்.

அன்றைய கூத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களாக நிற்கச் சில பையன்கள் தேவைப்பட்டார்கள். அந்தக் கூட்டத்தில் கணேசனும் போய் நின்றான். கட்டபொம்மனுக்கு எதிர் அணியில்!

அந்த இரவு அந்தப் பையனை மாற்றிவிட்டது. பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் கதையைச் சொன்னபோது சிவாஜி இந்தக் கூத்தைத்தான் தொடக்கமாகச் சொன்னார். நடிகனாக வேண்டும், அதுவும் கட்டபொம்மனாக நடிக்க வேண்டும். பிறகு தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்ததற்கும் அந்த இரவே விதை.

அந்த ஆசை நிறைவேற இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் கட்டபொம்மனின் இடமும் மாறிவிட்டது. ம.பொ.சி. தமிழரசுக் கழக மேடைகளில் அவரை விடுதலைப் போரின் முன்னோடி என்று முழங்கினார்; நூலும் எழுதினார். ஒரு சாதியாரின் குலவீரனாகவும் ஒரு சீமையின் பெருமையாகவும் இருந்தவர் தமிழர் எல்லோருக்கும் பொதுவானவர் ஆனார்.

1957 வந்தது. 1857 எழுச்சியின் நூற்றாண்டு என்று நாடே கொண்டாடிய ஆண்டு. 'முதல் சுதந்திரப் போர்' என்று எங்கும் பேச்சு. தமிழ்நாட்டிலோ ஒரு மனக்குறை இருந்தது. அதற்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1799-இல், கயத்தாற்றில் ஒருவன் தூக்கு மேடை ஏறினானே, அவன் கணக்கில் வரமாட்டானா?

இந்தச் சூழலில்தான் சக்தி கிருஷ்ணசாமி பேனாவை எடுத்தார்.

* * *

கிருஷ்ணசாமி வெறும் வசனகர்த்தா அல்ல. சக்தி நாடக சபாவை நடத்தியவர். சிவாஜி படத்துக்கு வருவதற்கு முன் அந்தச் சபாவில் நடித்தவர். எந்த மூச்சில் இந்த நடிகனால் எத்தனை வாக்கியம் சொல்ல முடியும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் கூட்டம் முன்னால் சாயும் என்பதெல்லாம் கிருஷ்ணசாமிக்கு அத்துப்படி. ஒருவருடைய உடம்பின் அளவு தெரிந்து சட்டை தைப்பதுபோல, அந்தத் தொண்டையின் அளவு தெரிந்து வசனம் எழுதினார்.

1957 ஆகஸ்ட் 28. சேலம் பொருட்காட்சியில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' அரங்கேறியது.

பார்வையாளர்களில் ஒருவர் பி.ஆர்.பந்துலு. கன்னட நாடக மேடையில் நடித்து வளர்ந்து சினிமாவுக்கு வந்தவர். பத்மினி பிக்சர்ஸ் அதிபர். சிவாஜியை வைத்து 'தங்கமலை ரகசியம்' எடுத்து முடித்திருந்தவர். நாடகம் முடியும் முன்பே அவர் மனசுக்குள் முடிவு எடுத்திருக்க வேண்டும். இதைப் படமாக்கும் விருப்பத்தைச் சிவாஜியிடம் சொன்னார். அதுவும் வண்ணத்தில்.

1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்'தான் முழுக்க வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப் படம். கேவாகலர். பந்துலு அதற்கும் ஒரு படி மேலே போனார். கேவாகலரில் எடுத்து, லண்டனுக்கு அனுப்பி, டெக்னிகலரில் பிரதி போடுவது என்று திட்டம். தமிழில் அதற்கு முன் யாரும் செய்யாதது.

பணம், வண்ணம், குதிரைகள், கோட்டைகள் எல்லாம் பெரிய கவலைதான். ஆனால் இந்தப் படத்தின் விதியைத் தீர்மானித்த கேள்வி வேறு. நாடகத்தைப் படமாக்கும்போது மேடையை என்ன செய்வது?

அந்தக் காலத்தில் நாடகத்திலிருந்து படம் எடுத்தவர்கள் பலரும் மேடை வாசனையைத் துடைக்கப் பாடுபட்டார்கள். வசனத்தை வெட்டுவார்கள். கதாபாத்திரங்களைத் தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் அனுப்புவார்கள். மேடைக்கு எழுதிய பேச்சு காமிராவுக்கு முன் பொருந்தாது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

பந்துலு பயப்படவில்லை. கிருஷ்ணசாமியையே படத்துக்கும் எழுத வைத்தார். எந்தப் பேச்சுக்குச் சேலத்தில் கூட்டம் ஆர்ப்பரித்ததோ அந்தப் பேச்சைத்தான் படத்தின் நடுநாயகமாக வைத்தார். இது சோம்பலால் வந்த முடிவு அல்ல. தான் மேடையில் கண்டது எங்கே உயிரோடு இருக்கிறது என்று தெரிந்த ஒருவரின் முடிவு.

* * *

நடிகர் தேர்வில் ஒரு திருப்பம்.

கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவன் வேடத்துக்கு முதலில் அழைப்புப் போனது எஸ்.எஸ்.ராஜேந்திரனுக்கு. 'பராசக்தி'யில் சிவாஜிக்கு அண்ணனாக நடித்தவர். நாடக மேடையில் உரம் பெற்ற தமிழ் உச்சரிப்பு. பொருத்தமான தேர்வு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

எஸ்.எஸ்.ஆர். மறுத்துவிட்டார். வேறொரு படத்துக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். அந்தப் படம் எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேடம் ஜெமினி கணேசனிடம் போனது. காதல் நாயகன் என்று பெயர் வாங்கியவர் போர்க்களத்துக்கு எப்படி? ஆனால் அந்தத் தேர்வு படத்துக்கு நன்மையாகவே முடிந்தது. சிவாஜியின் கர்ஜனைக்கு எதிரே இன்னொரு கர்ஜனை வந்திருந்தால் காது களைத்துப் போயிருக்கும். ஜெமினியின் மென்மை, காளையை அடக்கி வெள்ளையம்மாளைக் கைப்பிடிக்கும் பகுதிக்கு ஈரத்தைக் கொடுத்தது. வெள்ளையம்மாளாக நடிக்க வேண்டியவர் சாவித்திரி. அவர் அப்போது தாய்மை அடைந்திருந்ததால் பத்மினி வந்தார். கெட்ட கனவு கண்டு, போர் உடுப்போடு புறப்படும் கணவனைப் போக வேண்டாம் என்று தடுக்கும் பாட்டில் பத்மினியின் முகத்தைப் பாருங்கள். கு.மா.பாலசுப்பிரமணியத்தின் வரிகளும் ஜி.ராமநாதனின் மெட்டும் அந்தக் காட்சியில் நாட்டார் ஒப்பாரிக்குப் பக்கத்தில் போய் நிற்கின்றன. நாடகத்தின் வசன வெள்ளத்துக்கு நடுவே படம் கண்டெடுத்த தனிச் சொத்து அது.

கட்டபொம்மனின் மனைவி ஜக்கம்மாளாக எஸ்.வரலட்சுமி, தம்பி ஊமைத்துரையாக ஓ.ஏ.கே.தேவர், எட்டப்பனாக வி.கே.ராமசாமி, கும்பினித் தளபதி பானர்மேனாக ஜாவர் சீதாராமன். நகைச்சுவையால் மக்களுக்கு நெருக்கமானவராக இருந்த வி.கே.ராமசாமியை அவர்கள் வெறுக்கும்படி நடிக்க வைத்ததைத் துணிச்சல் என்றே சொல்லுவேன்.

இன்னும் ஒரு வேடம் பாக்கி. ஜாக்சன் துரை.

* * *

இங்கே கொஞ்சம் நிதானிப்போம்.

முதலில் நடந்தது என்ன? திருநெல்வேலிச் சீமையில் வரி பாக்கி என்று கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனுக்கு ஓலை அனுப்புகிறார். பாளையக்காரர் பரிவாரத்தோடு புறப்படுகிறார். துரையோ சந்திக்காமல் முகாம் மாறிக்கொண்டே இருக்கிறார். ஊர் ஊராக அலைக்கழித்து, கடைசியில் 1798 செப்டம்பர் 10 அன்று ராமநாதபுரத்தில் பேட்டி கிடைக்கிறது.

கட்டபொம்மனை நிற்க வைத்தே பேசினார்கள். சிறைப்பிடிக்கும் நோக்கம் தெரிந்ததும் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் என்ற அதிகாரி கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார். அவருடைய செயலர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பின்னால் நடந்த விசாரணையில் ஜாக்சனின் போக்கைக் கும்பினியே ஏற்கவில்லை. அவர் பதவி போயிற்று.

அந்த அறையில் என்ன பேசினார்கள்? கும்பினி ஆவணங்களில் வரிக் கணக்கும் கலவரமும் பதிவாகியிருக்கின்றன. நாம் மனப்பாடமாகச் சொல்லும் பேச்சு அவற்றில் இல்லை. கட்டபொம்மன் வீட்டில் புழங்கிய மொழி தெலுங்கு. நடுவில் ஒரு துபாஷி நின்று மொழிபெயர்த்திருக்க வேண்டும்.

ஆக, வரலாறு விட்டுச்சென்றது ஒரு வெற்றிடம். நின்றபடி அவமானப்பட்ட ஒரு மனிதன். அவன் வாயிலிருந்து ஒரு சொல்கூட நமக்கு வந்து சேரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கிருஷ்ணசாமி எழுதினார்.

இப்போது காட்சிக்கு வருவோம்.

தொடக்கத்தில் குரல் உயரவே இல்லை. ஜாக்சன் பெயரைச் சொல்லி நீர்தானே அது என்று கேட்கிறார். அதே தொனியில், அதே அளவில், கேள்வி அவருக்கே திரும்பிப் போகிறது. மரியாதைச் சொற்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் மரியாதை இல்லை. அடுத்துக் குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் வெட்டு வெட்டாகப் பதில்.

பிறகு 'வரி' என்ற பேச்சு வருகிறது. உடம்பு முழுதும் மாறுகிறது. மழை தருவது வானம், விளைச்சல் தருவது மண், நடுவில் நீ யார் என்பதுதான் வாதத்தின் சாரம். இதை ஒரு வழக்கறிஞரைப் போல எடுத்து வைத்திருக்கலாம். கிருஷ்ணசாமி அப்படிச் செய்யவில்லை. கேள்விகளாக உடைத்தார். எங்களோடு வயலுக்கு வந்தாயா என்று தொடங்கி, நாற்று நட்டது, களை பறித்தது, உழவனுக்குக் கஞ்சி சுமந்தது, கடைசியில் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மஞ்சள் அரைத்தது வரை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

எல்லாம் வயல் வேலை, வீட்டு வேலை. அரண்மனைப் பேச்சு ஒன்றுகூட இல்லை. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த உழவனுக்கும், பெண்கள் பகுதியில் பிள்ளையோடு இருந்த தாய்க்கும் விளக்கம் தேவைப்படாத சொற்கள். ஒரு பாளையக்காரரின் வரித் தகராறு, கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவருடைய உழைப்பைப் பற்றிய தகராறாக மாறியது அங்கேதான். வசனத்தின் முழக்கத்தைப் புகழ்கிறவர்கள் இந்த நுணுக்கத்தைத் தவறவிடுகிறார்கள்.

சிவாஜி அதைச் சொன்ன விதம்? மேடையில் மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கு எட்ட வேண்டும் என்பது பாய்ஸ் கம்பெனிப் பாடம். படத்தில் அது தேவையில்லை. காமிரா முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கிசுகிசுத்தாலும் கேட்கும். ஆனாலும் அவர் மேடைக் குரலையே கொண்டுவந்தார். மீசை, புருவம், விரல் நுனி எல்லாம் தூரத்தில் இருப்பவனுக்காக நடித்தன.

மிகை என்று இன்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஜக்கம்மாளோடு இருக்கும் காட்சிகளில் இதே மனிதர் எவ்வளவு தணிவாகப் பேசுகிறார் என்று கவனியுங்கள். தாழ்த்தத் தெரியாமல் உயர்த்தியவர் அல்ல. நிற்க வைத்து அவமானப்படுத்தப்பட்டவனுக்கு அந்த அறையில் இருந்த ஒரே ஆயுதம் குரல். அதை அவர் அடக்கி வாசித்திருந்தால் காட்சி நாகரிகமாக இருந்திருக்கும், உண்மையாக இருந்திருக்காது.

ஜாக்சனாக நடித்த சி.ஆர்.பார்த்திபனைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. தமிழரான அவர் வெள்ளைத் துரையின் விறைப்பை முதுகெலும்பிலேயே வைத்திருந்தார். இந்தக் காட்சியில் அவர் முக்கிய வேலை கேட்பது. அடி விழ விழ முகத்தில் ஒவ்வொரு இழையாக நிதானம் கழல்கிறது. எதிரே இருப்பவர் இப்படிக் கேட்டிருக்காவிட்டால் சிவாஜியின் பேச்சு வெறும் மேடைப் பிரசங்கமாக முடிந்திருக்கும்.

பந்துலு இந்த இடத்தில் வேடிக்கை காட்டவில்லை. பாட்டு வைத்துக் கலைக்கவில்லை. இரண்டு பேர் ஓர் அறையில் பேசுவதை, மேடையில் பார்த்தபடியே, பேச்சு முடியும்வரை நம்பினார்.

* * *

போர்க்களம் வேறு கதை. உள்காட்சிகள் பெரும்பாலும் சென்னை பரணி ஸ்டுடியோவில். போர்க் காட்சிகளுக்கு ஜெய்ப்பூர்.

பாஞ்சாலங்குறிச்சியிலேயே எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். அங்கே எடுக்க எதுவும் நிற்கவில்லை. கோட்டையை வெள்ளையர் தரைமட்டமாக்கியிருந்தார்கள். இன்று ஓட்டப்பிடாரம் பக்கம் போகிறவர்கள் பார்க்கும் நினைவுக் கோட்டை 1974-இல் தமிழக அரசு கட்டியது. படம் வந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு! அதாவது, தமிழ் மக்கள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை என்று முதலில் கண்ணால் கண்டது பந்துலுவின் படத்தில்தான். கயத்தாற்றில் நிற்கும் சிலையும் 1970-இல் சிவாஜி தன் செலவில் இடம் வாங்கி எழுப்பியது. ஒரு நாடகம் படமாகி, படம் கல்லாகவும் சுவராகவும் மண்ணில் இறங்கியதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது.

ஜெய்ப்பூர்க் குதிரைகளும் டெக்னிகலர்ச் சிவப்பும் அன்றைய ரசிகனைத் திகைக்க வைத்தன என்பது உண்மை. இன்று பார்க்கும்போது அந்தப் பகுதிகள்தான் கொஞ்சம் வயதாகித் தெரிகின்றன. ராமநாதபுரத்து அறை அப்படியே இருக்கிறது.

அந்த அறைக்கு இணையான இன்னோர் இடமும் படத்தில் உண்டு. கயத்தாற்றில் பானர்மேன் நடத்தும் விசாரணை. சுற்றிலும் மற்றப் பாளையக்காரர்கள். உதவிக்கு வராதவர்கள், காட்டிக் கொடுத்தவர்கள். முதல் காட்சியில் எதிரியிடம் பேசியவர் இங்கே தன் ஆட்களைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது. கைகள் கட்டுண்டிருக்கின்றன. விரல்களும் தோளும் செய்த வேலையை எல்லாம் கண்கள் செய்கின்றன. ஜாக்சன் காட்சியை ஒப்புவிக்கத் தெரிந்தவர்கள் இந்த விசாரணைக் காட்சியை ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். 1799 அக்டோபர் 16-இல் நடந்த மரணத்துக்குப் படம் அழுகையைக் கேட்கவில்லை. எட்டப்பன் பக்கம் திரும்பும் அந்தப் பார்வையை நாம் தாங்க வேண்டும் என்று கேட்கிறது.

* * *

1959 மே 10. லண்டனில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரையிடப்பட்டது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்டவர்களின் தலைநகரில்.

மே 16. தமிழ்நாட்டுத் திரையரங்குகள். கூட்டம் அலைமோதியது. சேலம் பொருட்காட்சியில் சில ஆயிரம் பேர் கேட்ட குரல் இப்போது தமிழ் பேசும் இடமெல்லாம் ஒலித்தது. அடுத்த ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜி சிறந்த நடிகராகத் தேர்வானார். தமிழே தெரியாத நடுவர்கள்! குரலின் ஏற்ற இறக்கத்தையும் முகத்தையும் வைத்தே அவர்கள் தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் கெய்ரோவுக்கு முன், அதே மே மாதத்தில் வேறொன்று நடந்தது.

எஸ்.எஸ்.ஆர். வெள்ளையத்தேவன் வேடத்தை எந்தப் படத்துக்காக விட்டுக்கொடுத்தார் என்று சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? அது 'சிவகங்கைச் சீமை'. கண்ணதாசனின் படம். கே.சங்கர் இயக்கம், விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. கதை மருது சகோதரர்களுடையது. கட்டபொம்மன் தூக்கிலேறிய பிறகு தம்பி ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்து, 1801-இல் தாங்களும் தூக்குக் கயிற்றைச் சந்தித்தவர்கள். பந்துலு கதையை முடித்த இடத்திலிருந்து கண்ணதாசன் கதையைத் தொடர்ந்திருந்தார் என்றே சொல்லலாம். ஜக்கம்மாளாக நடித்த எஸ்.வரலட்சுமி அந்தப் படத்திலும் உண்டு.

அரசியல் கோடும் குறுக்கே ஓடியது. எஸ்.எஸ்.ஆரும் கண்ணதாசனும் அப்போது தி.மு.க.வினர். சிவாஜி அந்த வட்டாரத்திலிருந்து விலகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

'சிவகங்கைச் சீமை' வெளியான நாள் 1959 மே 19. 'கட்டபொம்மன்' வந்து மூன்றே நாள்.

ஒரே மண், ஒரே எதிரி, ஒரே தூக்குக் கயிறு, இரண்டு படங்கள். ஒன்று வண்ணத்தில், மேடையில் கூட்டம் ஆரவாரித்த பேச்சோடு. மற்றது கறுப்பு வெள்ளையில், ஒரு கவிஞனின் பாட்டையும் வசனத்தையும் நம்பி.

மக்கள் மருது சகோதரர்களுக்கும் இடம் வைத்திருந்தார்களா? அல்லது சேலத்தில் பிறந்த அந்தக் குரல், பக்கத்தில் எழுந்த இன்னொரு குரலை யாருக்கும் கேட்காமல் செய்துவிட்டதா?

(அடுத்த வாரம்)